புளிக் கரைசலில் பல்சக்கரம்

பார்த்து வாங்க! காலில் ஏதாவது குத்தினால் அது முப்பத்தேழு பி. மெக்கானோ என்ற கட்டுமானப் பொம்மையில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு நம்பர் உண்டு. போல்ட்டு 37பி, நட்டு 37ஏ. திருவண்ணாமலையில் எங்கள் மொட்டைமாடி அறையில், விரித்த பழைய வேட்டிமேல் அவைதான் இப்போது இறைந்து கிடக்கின்றன. கூடவே துருவேறிய பட்டைகள், ஒரு கைப்பிடி பல்சக்கரங்கள், மூடி கிழிந்த ஓர் அட்டைப்பெட்டி. யார் வீட்டுப் பரணிலோ இரண்டு தலைமுறை தூங்கிவிட்டு, காயலான் கடைக்குப் போகிற வழியில் தப்பி வந்த சரக்கு. பழம்பொம்மை சேர்ப்பவர் கைக்குப் போகும் முன் இதற்கு இங்கே என்னென்ன அலங்காரம் நடக்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

முதலில் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தொழிலின் பெரிய குஷியே அதுதான். லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை வாங்கிய பொம்மை இது. மெக்கானோ என்ற பெயர் 1907-இல் வந்தது. ஆரம்பத்தில் நிறமே கிடையாது, உலோகப் பளபளப்புதான். 1926-இல் சிவப்பும் பச்சையும் வந்தன. 1934-இல் பட்டைக்குத் தங்க நிறம், நீலத் தகட்டின் மேல் தங்கக் குறுக்குக்கோடு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மறுபடி சிவப்பு, பச்சை. 1964-இல் மஞ்சளும் கறுப்பும். ஒரே பெட்டிக்குள் இத்தனை நிறமும் கலந்து கிடந்தால், அப்பா, சித்தப்பா, பிள்ளை என்று வரிசையாக விளையாடித் தீர்த்திருக்கிறார்கள் என்று பொருள்! சேர்ப்பவர்களுக்கோ கலப்படம் ஆகாது. ஆகவே நிறவாரியாகப் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். குவியலில் மும்பை ஸெஃபைர் கம்பெனியின் 'மெக்கானிக்ஸ்' துண்டுகளும் தலைகாட்டும். நம் ஊர் நடுவயதுக்காரர்களுக்கு அதைத்தான் தெரியும். அதற்கும் ஒரு டப்பா. லிவர்பூல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டுவிட்டதால், அங்கே செய்த நட்டு ஒன்று உருண்டு வடிகால் குழாய்க்குள் போனாலும் வயிறு பகீரென்கிறது.

அடுத்து குளியல். பித்தளைச் சக்கரத்துக்குப் பாட்டி வைத்தியம்: புளியைக் கெட்டியாகக் கரைத்து அதில் போட்டுவிட்டு, ஒரு காபி குடித்து வந்தால் போதும். பல்லிடுக்கில் இறுகிய பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க விளக்குமாற்று ஈர்க்குச்சிக்கு இணையான கருவி இன்னும் பிறக்கவில்லை. ஒவ்வொரு பல்லாகக் குத்தி எடுத்து, கழுவி, துடைத்து... இப்போது பாருங்கள் வேடிக்கையை. பட்டையில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் அரை அங்குல இடைவெளி. 19 பல் உள்ள சின்னச் சக்கரத்தை ஓர் ஓட்டையில் அச்சோடு சொருகுங்கள். ஓர் ஓட்டை விட்டு அடுத்ததில் 57 பல் பெரியது. நடுவே சரியாக ஓர் அங்குலம்; பல்லும் பல்லும் அப்படியே கவ்விக்கொள்ளும்! சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றும். இந்தத் துல்லியத்தை நம்பித்தான் 1934-இல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரியும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓர் இயந்திரத்தையே மெக்கானோவில் கட்டினார்கள். இதையா பொம்மை என்கிறோம்?

வளைந்த பட்டையைப் பலகைமேல் கிடத்தி கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் நிமிர்ந்துவிடும். இரும்புச் சுத்தி பட்டதோ, பெயிண்ட் பொரிந்து போகும். அந்தப் பெயிண்டில்தான் காசே இருக்கிறது. புதிதாக ஸ்ப்ரே அடித்துப் பளபளவென்று நிறுத்தலாமே என்று கை துறுதுறுக்கும். ஆனால் சேர்ப்பவருக்கு வேண்டியது தொழிற்சாலையில் சூளையில் சுட்ட அந்தப் பழைய பூச்சு, கீறலோடு இருந்தாலும் சரி. எண்ணெய் தொட்டுத் துருவை மட்டும் எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். மறுபடி பூசியிருந்தால் பூசியது என்று சொல்லி விற்க வேண்டும். பூசி மெழுகினால் அடுத்த பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள்.

அந்த மூலை வாளியில் லெகோ. 1958-இல் காப்புரிமைக்குப் போன கட்டை இன்றைய கட்டையோடும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வெள்ளைக் கட்டைகள் வயதானால் பழுத்துப் போகும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும். கையுறை கட்டாயம். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா? பஞ்சம் குளிர்ந்த தண்ணீருக்குத்தான். கட்டையை 40 டிகிரிக்கு மேல் சூடான நீரில் கழுவக்கூடாது என்கிறது கம்பெனி. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு அந்த விதியைப் படித்தால் சிரிப்பு வரும். வெளுத்த கட்டை சில காலம் கழித்து மறுபடி மஞ்சளாகலாம், அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுவதுதான் முறை.

கடைசியில் ஒத்திகை. எல்லா உருப்படியும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதைவிடக் கட்டிப் பார்ப்பது மேல். கையேடு கிரேன் கட்டச் சொல்கிறது. இந்த ஊரில் யார் கிரேன் கட்டுவார்கள்? 217 அடி ராஜகோபுரத்துக்கு மர அலமாரியில் வந்த 10-ஆம் நம்பர் பெரிய செட்டே பத்தாது. தேர்தான் சரி. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர் ஓடும். அதில் சண்டிகேஸ்வரர் தேரைக் குழந்தைகள்தான் இழுப்பார்கள். அதைத்தான் கட்டினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சணல் கயிற்றை இழுக்க, சக்கரத்துக்கு அழிரப்பர் முட்டுக்கட்டை போட்டு, மொட்டைமாடியே மாடவீதி ஆகிவிட்டது. கூரியர் நாளைக் காலை வருகிறது. பிரித்து, துடைத்து, அட்டையில் நூலால் வரிசையாகக் கட்டி அடுக்க இன்று ராத்திரி போதாது. "இன்னும் ஒரு மூலைதான் அங்கிள்" என்கிறாள் வடம் பிடித்தவள். மூன்று மூலை பாக்கி இருக்கிறது.