நிற்கும் மரத்தின் விலை

கேரளத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. களியக்காவிளையைக் கடந்ததும் கடைகளின் பெயர்ப்பலகைகள் தமிழிலிருந்து மலையாளத்திற்கு மாறுகின்றன. மண்ணும் மரங்களும் மாறுவதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் தமிழ்நாட்டின் பகுதியாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் எல்லையின் இருபுறத்தாரும் தோட்டத்தை ‘விளை’ என்கின்றனர். தென்னையை ‘ஒரு மூடு, இரண்டு மூடு’ என்று எண்ணுகின்றனர். வெட்டிய மரத்தைத் ‘தடி’ என்கின்றனர்.

இந்தத் தடியை வாங்கி விற்பவர் மர வியாபாரி. அவருக்குப் பெரும்பாலும் கடை கிடையாது. அளவு நாடா, வெட்டுக்கத்தி, கைபேசி, ஓர் இருசக்கர வண்டி ஆகியவையே அவருடைய முதல் கருவிகள். காலையில் புறப்பட்டு ஊர் ஊராகச் செல்லும்போது பிறர் சாலையைப் பார்ப்பர். அவர் வேலிக்கு மேலே எழும் மரங்களின் தலைகளைப் பார்ப்பார்.

அங்குள்ள வீட்டுத் தோட்டம் ஒரு சிறு காடு போன்றது. தென்னை, பலா, மா, புளி, தேக்கு, அயினி ஆகியவை அருகருகே நிற்கும். அயினி என்பது பலாவின் இனத்தைச் சேர்ந்த உயர்ந்த மரம். அதன் சிறு பழத்தை ‘அயினிச்சக்கை’ என்பர். மரங்களின்மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். கீழே வாழையும், அவ்வூரார் ‘மரச்சீனி’ என்னும் மரவள்ளியும் வளரும். பலருக்கு இந்த மரங்களே சேமிப்பு. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், ஒழுகும் கூரை, மருத்துவமனைச் செலவு என்று ஒன்று வரும்போது மர வியாபாரிக்கு ஆள் அனுப்புகின்றனர்.

வியாபாரி வந்து மரத்தைச் சுற்றி நடக்கிறார். அவருடைய தொழிலின் கடினம் இங்கேதான் தொடங்குகிறது. துணியை விரித்துப் பார்த்து வாங்கலாம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். மரத்தையோ நின்ற நிலையிலேயே விலை பேச வேண்டும். அச்சாரம் கொடுத்து, வெட்டிச் சாய்த்த பிறகுதான் அதன் உள்ளிருப்பது தெரியும். நடுவில் பொந்து இருந்தால் நட்டம் அவருடையது. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால் இலாபமும் அவருடையதே. மரத்தை விற்றவருக்கு அதில் பங்கில்லை.

மரத்தின் உள்ளே அப்படி என்ன இருக்கிறது? பட்டையை அடுத்து வெளிறிய நிறத்தில் இருக்கும் பகுதி வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்கிறது. அதற்கும் உள்ளே, நடுவில், நிறம் அடர்ந்து கடினமாக இருப்பது வைரம். முதிர்ந்த பலாவின் வைரம் மஞ்சள் நிறமுடையது. நாளாக ஆகப் பழுப்பாகும். கதவும் நிலையும் மட்டுமன்றித் தஞ்சாவூர் வீணையும் பலா மரத்தால் ஆவதே. அயினியின் வைரம் நீரையும் கறையானையும் தாங்கும். அதனால்தான் கேரளத்தின் படகுப் போட்டிகளில் ஓடும் நீண்ட சுண்டன் வள்ளங்களை அம்மரத்தால் செய்கின்றனர். வியாபாரி பணம் கொடுப்பது இந்த வைரத்திற்கே.

தென்னைக்கும் பனைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றில் வெளிப்புறம் கடினம். உட்புறம் மென்மையான சோறு. இந்த வேறுபாட்டைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கண்டறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. அவ்வாறு பார்த்தால் தென்னை ஒரு புல்! இன்றைய தாவரவியலும் தென்னையையும் பனையையும் புல்லையும் ஒருவிதையிலைத் தாவரங்கள் என ஒரே பெரும் பிரிவில் வைக்கிறது. மர வியாபாரி இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. முற்றிய தென்னையின் வெளிப்பகுதியை மட்டும் கூரைச் சட்டத்திற்கென்று பிளந்து எடுக்கும்போது அவரும் அதே பாகுபாட்டைத்தான் பின்பற்றுகிறார்.

பொந்து இருக்கிறதா என்பதை அறிய அவர் வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டுகிறார். உறுதியான மரம் கெட்டியான, குறுகிய ஒலி தரும். உள்ளே வெறுமை இருந்தால் பறை போல் அதிரும். ஒலி மட்டும் போதாது. அடியில் காளான் முளைத்திருக்கிறதா, கிளை ஒடிந்த இடம் உளுத்து நீர் கசிகிறதா, பட்டையின் வெடிப்பில் எறும்பு மரத்தூளைக் கொண்டு வந்து கொட்டுகிறதா என்று பார்க்கிறார். பறவைகளும் அவருக்குச் செய்தி சொல்லும். மரங்கொத்தி தன் அலகால் துளையிடுவது பெரும்பாலும் உளுத்த இடத்தில்தான். அத்துளையில் பின்னர் கிளியோ மைனாவோ குடியேறும். கிளி எட்டிப் பார்க்கும் மரத்திற்கு விலை குறைவு என்பது அத்தொழிலின் அடிப்படைப் பாடம்.

பொந்து விழுந்தும் மரம் எப்படித் தழைக்கிறது என்று கேட்கலாம். வைரம் உயிரற்ற பகுதி. தாங்கி நிற்பது மட்டுமே அதன் வேலை. உயிருள்ள பகுதி பட்டையை ஒட்டி இருப்பதால், நடுப்பகுதி முழுவதும் அழிந்தாலும் மரம் இலை விட்டுக் காய்க்கும். இதற்குப் புகழ்பெற்ற சான்று நெய்யாற்றின்கரையிலேயே உண்டு. அங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பலா மரம் நின்றது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, அரியணை ஏறுவதற்கு முன்பு, தம்மைக் கொல்லத் துரத்தியவர்களிடமிருந்து தப்ப அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அம்மரத்தின் அடிப்பகுதி இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. எந்த வியாபாரியும் நல்ல விலை சொல்லியிருக்க முடியாத ஒரு மரம் அது.

உள்ளிருப்பதை ஊகித்த பின் அளவு. மரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவர். ஒரு தடியின் சுற்றளவு 48 அங்குலம், நீளம் 12 அடி என்க. 48ஐ நான்கால் வகுத்தால் 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144. அதை நீளமாகிய 12ஆல் பெருக்கி, அங்குலத்தை அடியாக்க 144ஆல் வகுத்தால் 12 கன அடி. ஆனால் கணிதப் பாடத்தில் உள்ள உருளையின் கன அளவு வாய்பாட்டைப் பயன்படுத்தினால் அதே தடி 15 கன அடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இது ஏமாற்று அன்று. பட்டையும், தடியைச் சதுரமாக்கும்போது கழியும் ஓரங்களும் பலகையாகா என்பதால் ஏற்பட்ட வழக்கம். ஆங்கிலேயர் பயன்படுத்திய இம்முறை இந்தியாவில் இன்றும் நிலைத்துள்ளது. பள்ளி வளாகத்தில் உள்ள மரம் ஒன்றை நூலால் சுற்றி அளந்து மாணவர்களும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

இக்கணக்கில் வீட்டாருக்குப் பயன்படும் உண்மை ஒன்று மறைந்துள்ளது. அதே நீளத்தில் சுற்றளவு 24 அங்குலமாக மட்டும் இருந்தால் 3 கன அடிதான் கிடைக்கும். சுற்றளவு இரு மடங்கானால் மரம் நான்கு மடங்காகிறது. ஆகவே சில ஆண்டுகள் காத்திருப்பவர் மிகுதியாகப் பெறுவார். ஆனால் திருமண நாள் மரம் பருக்கும் வரை காத்திருப்பதில்லை. அவசரத்தை அறிந்து விலையைக் குறைப்பவரும் உண்டு. “இன்னும் ஐந்து வருடம் நிற்கட்டும் அம்மா, இப்போது பக்கத்திலுள்ள மாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்பவரும் உண்டு. பின்னவரைத்தான் அவ்வீட்டார் அடுத்த முறையும் அழைப்பர்.

வெட்டுவது கூலி வேலை எனினும் நுட்பமானது. அருகில் வீடும் கிணறும் மின்கம்பியும் இருக்கும். முதலில் ஒருவர் ஏறிக் கொப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். பிறகு மரம் விழ வேண்டிய பக்கத்தில் அடியில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. அதற்கு எதிர்ப்புறத்தில், சற்று உயரத்தில், அறுவை. இரண்டும் சந்திப்பதற்கு முன் சிறிதளவு மரத்தை விட்டுவைப்பர். அது கதவின் கீல் போலச் செயல்பட்டு மரத்தைக் குறித்த திசையில் சாய்க்கும். அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும். உயிர்கள் போவது அத்தகைய பிழைகளால்தான். தேய்பிறையில் வெட்டிய மரத்தைப் பூச்சி அரிக்காது என்ற நம்பிக்கையும் உண்டு. மழைக்காலச் சேற்றில் லாரி புதையும் என்பது மட்டும் யாரும் மறுக்காத உண்மை.

எல்லா மரத்தையும் வெட்டிக் கொண்டுபோய்விட முடியாது. திருவிதாங்கூர் அரசர் காலத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்கு உரியவை. சந்தனத்தை இன்றும் சட்டம் கடுமையாகக் காக்கிறது.

இப்போது எல்லையூர்களில் வியாபாரிக்கு மிகுதியாகக் கிடைப்பது ரப்பர். நட்ட ஏழாம் ஆண்டளவில் பால் எடுக்கத் தொடங்கும் மரங்கள் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் வற்றும். அப்போது தோட்டம் முழுவதையும் ஒன்றாக விற்பர். ரப்பர் தடியில் மாவுப்பொருள் மிகுதி. அதனால் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். வெட்டியவுடன் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகள் நிறைந்த பெரும்பாவூர் போன்ற இடங்களுக்கு லாரிகள் விரைகின்றன. அங்கே வைரத்தைத் தட்டிப் பார்க்கும் காதுக்கு வேலையில்லை, எடைதான் விலை.

பலாவும் அயினியும் உள்ளூர் அறுப்பு மில்லுக்குப் போகின்றன. அங்கே மர வியாபாரி அஞ்சுவது பொந்துக்கு மட்டுமன்று, ஆணிக்கும்தான். எப்போதோ கொடி கட்டுவதற்காக ஒருவர் தம் மார்பு உயரத்தில் ஓர் ஆணி அறைந்திருப்பார். மரம் நுனியில்தான் உயர்கிறது. அடிமரம் பருக்க மட்டுமே செய்கிறது. அதனால் முப்பது ஆண்டுகள் கழித்தும் ஆணி அதே உயரத்தில் இருக்கும், ஆனால் மரத்திற்குள் மறைந்து. அனுபவமுள்ள அறுப்புத் தொழிலாளி பலகையில் கருநீலக் கறை தோன்றியதுமே வாளை நிறுத்திவிடுவார். நிறுத்தத் தவறினால் வாளின் பற்கள் முறியும். அந்தச் செலவும் அன்றைய கணக்கில் மர வியாபாரியின் பெயரில் ஏறும்.