ஒருவரே பலராகப் பாடுவது எப்படி?

1951-ஆம் ஆண்டில் 'ஹவ் ஹை தி மூன்' என்னும் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 9 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கேட்டால், பல கித்தார்களும் ஒரு பெண்கள் குழுவும் சேர்ந்து இசைப்பதுபோல் தோன்றும். ஆனால் பாடியவர் மேரி ஃபோர்டு ஒருவரே. கித்தார் வாசித்தவர் அவர் கணவர் லெஸ் பால் ஒருவரே!

ஒலிநாடா என்பது இரும்பு ஆக்சைடுத் தூள் பூசிய பிளாஸ்டிக் பட்டை. பதிவுக் கருவியில் அது மூன்று 'தலைகளை' வரிசையாகக் கடந்து செல்லும். முதல் தலை பழைய பதிவை அழிக்கும். இரண்டாவது, புதிய ஒலிக்கேற்பத் தூளைக் காந்தமாக்கும். மூன்றாவது, அக்காந்தப் பதிவை மீண்டும் மின்னோட்டமாக்கும்.

பாடகர் பிங் கிராஸ்பி தமக்களித்த ஆம்பெக்ஸ் கருவியில் லெஸ் பால் ஒரு சிறு மாற்றம் செய்தார். அழிக்கும் தலைக்கு முன்னால் மீட்டொலிக்கும் தலை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினார். அவ்வளவுதான்! பழைய ஒலி அழியுமுன் மின்னோட்டமாக எடுக்கப்பட்டு, அப்போது வாசிக்கும் கித்தார் ஒலியுடன் கலந்து, அதே நாடாவில் மீண்டும் பதிவாகும். இவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனித்தீர்களா? பழைய பதிவு அழிந்துகொண்டே வருகிறது. பத்தாவது அடுக்கில் ஒரு சுரம் பிசகினால் முந்தைய ஒன்பதும் போச்சு! மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சலும் கூடும். ஆகவே முக்கியமான பகுதிகளை அவர் கடைசியில் பதிந்தார்.

இன்னொரு வேடிக்கை: நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பதிந்து, முழு வேகத்தில் ஒலிக்கச் செய்தால், 220 ஹெர்ட்ஸ் ஒலி 440 ஹெர்ட்ஸாகும். சுருதி ஒரு ஸ்தாயி உயரும். வாசிப்பும் இருமடங்கு விரைவாகும்.

1957-இல் அவருக்கு 8 தடங்கள் கொண்ட ஆம்பெக்ஸ் கருவி கிடைத்தது. ஓர் அங்குல அகல நாடாவில் எட்டுப் பதிவுகள் அருகருகே! இங்கும் ஒரு சிக்கல் உண்டு. பதிவுத் தலைக்கும் மீட்டொலிக்கும் தலைக்கும் இடையே 2 அங்குலம் என்றும், நாடாவின் வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்றும் கொள்வோம். பழைய தடத்தைக் கேட்டு வாசிப்பவரின் ஒலி சுமார் 0.13 நொடி பிந்திப் பதிவாகும். தாளம் என்னாவது? எனவே பழைய தடங்களைப் பதிவுத் தலையைக் கொண்டே ஒலிக்கச் செய்தனர். இப்போது ஒரு தடத்தில் பிழை நேர்ந்தால், அதை மட்டும் மீண்டும் பதிந்தால் போதும்.