மாதிரி டாங்கிக்கு உருமறைப்பு வண்ணம்

மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் மடையான் என்னும் கொக்கு வரப்போரம் அசையாமல் நிற்கும். அருகே செல்லும்வரை அது கண்ணில் படுவதில்லை. வெண்சிறகை விரித்துப் பறக்கும்போதுதான் அது அங்கே நின்றது நமக்குத் தெரிகிறது. அதன் இறகுகளில் பச்சை நிறம் இல்லை. அப்படியிருக்க, பச்சை வயலில் அது மறைவது எப்படி?

அதன் கழுத்திலும் மார்பிலும் வெளிர்நிறமும் பழுப்புமாக நெடுங்கோடுகள் உள்ளன. அவை பயிரின் தாள்களுக்கிடையே விழும் ஒளியையும் நிழலையும் ஒத்திருப்பதால், உடலின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது புலப்படுவதில்லை. நம் கண் ஒரு பொருளை முதலில் விளிம்பைக் கொண்டே அடையாளம் காண்கிறது. விளிம்பைச் சிதைத்தால் பொருள் மறையும். உருமறைப்பின் அடிப்படை இதுவே.

போர்க்களத்தில் ஓவியர்கள்

முதல் உலகப் போரில், 1915இல், பிரெஞ்சுப் படை உருமறைப்புக்கென ஓவியர்களைக் கொண்ட தனிப் பிரிவை அமைத்தது. 1916 செப்டம்பர் 15இல் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. அவற்றுக்குப் பலவண்ணத் திட்டம் வகுத்தவர் சாலமன் ஜே. சாலமன் என்ற ஆங்கில ஓவியர்.

நம் ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியில் நால்வர் அமர்ந்து செல்கின்றனர். பகைவர் கண்ணில் சில விநாடி தாமதமாகப் படுவதே அவர்கள் உயிரைக் காக்கக்கூடும்.

திட்டு எவ்வளவு பெரிது?

குழலை முன்னோக்கி வைத்தால் அர்ஜுனின் நீளம் சுமார் 10.6 மீட்டர். 35இல் ஒரு பங்கு அளவில் அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ மாதிரி செய்தால் அது 30 செ.மீ. இருக்கும். இதற்கு வண்ணம் தீட்டுவோர் பலர் சின்னஞ்சிறு திட்டுகளை நெருக்கமாக வைக்கின்றனர். பார்வைக்கு அழகுதான், ஆனால் பயனில்லை. 10 மீட்டர் தொலைவில் 3 மி.மீ.க்குக் குறைந்த நுட்பங்களை நம் கண் பிரித்தறிய இயலாது. அவை ஒரே நிறமாகக் கலந்துவிடும். டாங்கியின் உருவம் மீண்டும் தெளிவாகிவிடும். 2 செ.மீ. அகலத் திட்டு அத்தொலைவிலும் தனித்துத் தெரியும். உண்மை டாங்கியில் அது 70 செ.மீ. ஆகும்.

தீட்டும் முறை

பிளாஸ்டிக் உதிரிகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துக. பளபளக்கும் வண்ணம் வானொளியைக் கண்ணாடி போல் திருப்பும். ஆகவே மேட் வண்ணமே ஏற்றது. அதை நீர்க்கக் கரைத்து, மெல்லிய தூரிகையால் இருமுறை தீட்டுக. 0.1 மி.மீ. தடிப்பு உண்மை அளவில் 3.5 மி.மீ. ஆகிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

முதலில் வெளிர்நிறத்தை முழுதும் பூசி உலரவிட்டு, பென்சிலால் திட்டுகளை வரைந்து கருநிறத்தை நிரப்புக. திட்டுகள் மூலைகளிலும் விளிம்புகளிலும் நின்றுவிடாமல் அவற்றைத் தாண்டி ஓடவேண்டும். மேற்கூண்டிலிருந்து உடற்பகுதிக்கும் தொடரவேண்டும்.

கெண்டை மீனின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன்? மேலே வெயிலும் கீழே நிழலும் விழ, இரண்டும் சமமாகி உடல் தட்டையாகத் தோன்றுகிறது. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இல் இதை விளக்கினார். ஆதலால் பீரங்கிக் குழலின் அடிப்பக்கத்தைச் சற்று வெளிறத் தீட்டுக.

எந்த மாதத்து வயல்?

கார்த்திகையில் சம்பாப் பயிர் பசுமை, தையில் பொன்னிறம், சித்திரையில் வெடித்த மண்ணும் காய்ந்த தாளும். ஒரு பருவத்தில் மறைக்கும் வண்ணம் மறு பருவத்தில் காட்டிக்கொடுக்கும். ராஜஸ்தான் மணலுக்கோ இவை எதுவுமே பொருந்தா.

நிறம் ஒன்றே போதாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. பச்சிலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பும். சாதாரணப் பச்சை வண்ணம் அவ்வாறு திருப்பாமல் கருவியின் கண்ணுக்குக் கருமையாகத் தெரியலாம். எஞ்சினின் வெப்பத்தையோ எவ்வண்ணமும் முழுதும் மறைப்பதில்லை.

சோதித்துப் பாருங்கள்

இரு மாதிரிகள் செய்து, ஒன்றுக்கு வெறும் பச்சையும் மற்றொன்றுக்குத் திட்டுகளும் தீட்டுங்கள். குட்டைப் புல் உள்ள வரப்பில், சற்று இடைவெளி விட்டு வையுங்கள். அவை இருக்குமிடம் அறியாத நண்பரை 40 மீட்டரிலிருந்து மெல்ல நடந்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் அவர் கண்டுகொள்ளும் தொலைவை அளந்து 35ஆல் பெருக்குங்கள். உண்மை டாங்கி எத்தொலைவில் சிக்கியிருக்கும் என்பதை அவ்விடை ஏறத்தாழக் காட்டும். மேகமூட்டத்திலும் நண்பகல் வெயிலிலும் திரும்பச் செய்து, இரு விடைகளையும் ஒப்பிடுங்கள்.