கைவிடப்பட்ட கட்டடத்துக் கழிப்பறைப் பீங்கான்கள்: யாரிடம், எவ்வாறு புகார் அளிப்பது?

பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும் ஆளில்லாத அரசு ஊழியர் குடியிருப்புகளிலும் கழற்றிப் போடப்பட்ட கழிப்பறைப் பீங்கான், வாஷ்பேசின், ஃபிளஷ் டேங்க் ஆகியவற்றை அக்கம்பக்கத்தார் கண்டும் காணாமல் விடுவதும், காய்ச்சல் பரவிய பின்னர் புகை மருந்து அடிக்கக் கோருவதும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் காணப்படும் தவறுகளாகும். புகை மருந்து பறக்கும் கொசுவையே கொல்லும். நீருக்குள் இருக்கும் புழுவை அது தீண்டுவதில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, தேங்கிய நீரின் விளிம்பை ஒட்டிய ஈரப் பரப்பில் முட்டையிடுகிறது. துர்நாற்றம் மேலெழாதபடி நீரைப் பிடித்துவைக்கும் பீங்கானின் வளைந்த கழுத்துப் பகுதியில் மழைநீர் எளிதில் வற்றுவதில்லை. வற்றினாலும், ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிந்து, ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் கொசுவாகின்றன. ஆகவே நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் அல்லது பொருளையே அப்புறப்படுத்த வேண்டும்.

அதற்காகப் பிறர் கட்டடத்துக்குள் நுழைவது அத்துமீறலாகவும், அங்குள்ள குழாயையோ பீங்கானையோ எடுத்துச் செல்வது திருட்டாகவும் கொள்ளப்படலாம். ஆளில்லாத கட்டடம் உரிமையாளரற்ற கட்டடம் ஆகாது.

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-இன்படி, சுகாதாரக் கேடு விளைவிக்கும் நிலையை நீக்குமாறு உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் சுகாதார அலுவலருக்கு உண்டு. மாநகராட்சியில் மாநகர நல அலுவலருக்கும், நகராட்சியில் ஆணையருக்கும், பேரூராட்சியில் செயல் அலுவலருக்கும், கிராமங்களில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு அளிக்க வேண்டும். வார்டு, தெரு, கதவு எண், எந்தப் பொருளில் நீர் தேங்கியுள்ளது என்ற விவரம், வெளியிலிருந்து எடுத்த தேதியிட்ட புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற வேண்டும். சென்னையில் 1913 என்ற எண்ணிலும், மாநிலம் முழுவதும் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். புகார் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கு அபராதம் விதிக்கும் அதே நிர்வாகம், அரசுக்குச் சொந்தமான பாழடைந்த குடியிருப்பைக் கடந்து செல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. அத்தகைய கட்டடமெனில், அதைப் பராமரிக்கும் துறையின் பொறியாளருக்கும் மனுவின் நகலை அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால், ஆய்வு நடந்த தேதியையும் அனுப்பப்பட்ட அறிவிப்பின் நகலையும் கேட்டு, 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் அவர் பதிலளிக்க வேண்டும். கட்டடமே இடிந்து விழும் நிலையில் இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம்.

முத்திரை பெறாத மனுவும் எண் பெறாத தொலைபேசிப் புகாரும் பின்னாளில் எந்த அலுவலகத்திலும் சான்றாக நிற்பதில்லை என்பதை மீண்டும் வலியுறுத்த வேண்டியுள்ளது.