பந்தின் பின்னால் ஓடாத கேமரா!

அமெரிக்காவில் ஆகஸ்டு கடைசியில் தொடங்கி நவம்பர் வரை வெள்ளிக்கிழமை இரவு என்றால், அது உயர்நிலைப்பள்ளிக் கால்பந்துக்கு உரிய இரவு. சிற்றூர்களில் ஊரே மைதானத்தில் கூடிவிடும். பேண்டு வாத்தியம் முழங்கும். பெற்றோர் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் மேலே, ஸ்டாண்டின் உச்சியில், ஒரு மாணவன் மட்டும் வாய் திறக்காமல் நிற்பான். கை தட்டமாட்டான். சொந்தப் பள்ளி ஜெயித்தாலும் துள்ளமாட்டான். அவன் கையில் இருப்பது வீடியோ கேமரா. சம்பளம் கிடையாது. தொண்டு!

அவன் ஏன் கத்தக்கூடாது? கேமராவின் மைக் அவன் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவன் போடும் கூச்சல்தான் முதலில் பதிவாகும். "அந்தப் பையனுக்கு ஓடவே தெரியவில்லை" என்று நண்பனிடம் முணுமுணுத்தாலும் அது பயிற்சியாளர் காதுக்குப் போகும். அவர் காதுக்கு மட்டுமா? எதிரணியின் காதுக்கும் போகும். பல இடங்களில் இரண்டு அணிகளும் தங்கள் ஆட்டப் படங்களை மாற்றிக்கொள்வது வழக்கம்.

இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். ஒரு அணிக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். 12 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளாக மொத்தம் 48 நிமிட ஆட்டம். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். நடுவர் விசில் ஊதுவார். மறுபடியும் வரிசை கட்டி நிற்பார்கள்.

அந்தச் சில விநாடிகளைத்தான் மாணவன் பிடிக்க வேண்டும்.

கண் செய்யும் துரோகம்

பயிற்சி வகுப்பில் முதலில் மறக்கச் சொல்வது ரசிகனின் கண்ணை. ரசிகன் பந்தைப் பார்ப்பான். புதிதாகக் கேமரா பிடிப்பவனும் பந்தையே துரத்துவான். பந்து வைத்திருப்பவனைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டுவான். கல்யாண வீட்டில் தாலி ஏறும் நேரம் வீடியோக்காரர் மணமகன் கையையே நெருக்கிப் பிடிப்பாரே, அதுபோல. கல்யாணத்துக்கு அது சரி. இங்கே அது உதவாது.

இந்த விளையாட்டில் ஏமாற்றுவது ஒரு கலை. பந்தை ஒருவனிடம் கொடுப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, கொடுக்காமல் வைத்துக்கொண்டு வேறொருவனுக்கு எறிவார்கள். எதிரணி ஏமாறுவதற்கு முன் கேமராக்காரனே ஏமாந்து, வெறுங்கையோடு ஓடுகிறவனைப் படம் பிடித்துக்கொண்டிருப்பான்! படத்தை அகலமாக வைத்திருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. பந்து எங்கே போனாலும் சட்டத்துக்குள் இருக்கும்.

கபடி பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாடி வருகிறவனை மட்டும் படம் பிடித்தால், அவன் எப்படி மாட்டினான் என்பது தெரியாது. மூலையில் நின்றவன் எப்போது நகர்ந்தான், சங்கிலி எப்படி வளைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆகவே பாடம் இப்படிப் போகிறது. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில் ஸ்டாண்டை ஊன்று. அணிகள் வரிசை கட்டியதும் பொத்தானை அழுத்து. 22 பேரும் தெரிய வேண்டும். பந்து நகரும்வரை கேமராவும் நகரக்கூடாது. பிறகு மெதுவாகத் திருப்பு. ஆட்டம் ஒருபக்கம் ஒதுங்கிய பிறகு வேண்டுமானால் கொஞ்சம் நெருங்கு. விசில் ஊதிய பிறகும் ஒரு கணம் பொறுத்து நிறுத்து.

ஒரே ஒரு விநாடி தாமதமாக அழுத்தினாலும் போச்சு. அணிகள் எப்படி நின்றன என்ற அமைப்பே படத்தில் இராது. பயிற்சியாளருக்கு முதலில் வேண்டியது அதுதான். இடையிடையே ஸ்கோர்போர்டையும் பிடித்து வைக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் இது எந்தப் பகுதி, யார் முன்னிலை என்று பிறகு பார்ப்பவர் திண்டாடுவார்.

இன்னொரு கேமரா மைதானத்தின் ஒரு முனையில் இருக்கும். உயரமான கம்பத்தின் உச்சியில் கேமரா. மாணவன் கீழே நின்று சிறு திரையைப் பார்த்து இயக்குவான். முன்வரிசைப் பையன்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, அதில் யார் புகுந்தார் என்பது இந்தக் கோணத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

கோட்டு வியாபாரியின் கேமரா

பள்ளிக்கூட ஆட்டத்தைப் படம் பிடிப்பதில் தொடங்கிப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த எட் சாபோல். மாமனாரின் கம்பெனியில் மேல்கோட்டு விற்றுக்கொண்டிருந்தவர். கல்யாணப் பரிசாக வந்த கேமராவில் தன் மகன் ஸ்டீவின் பள்ளி ஆட்டங்களைப் பிடித்துப் பழகினார். 1962-ல் தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தைப் படமாக்கும் உரிமையையே வாங்கிவிட்டார்! அதிலிருந்து வளர்ந்ததுதான் 'என்.எப்.எல். பிலிம்ஸ்'. 2011-ல் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், சாபோல் செய்ததெல்லாம் பள்ளி மாணவர்களுக்குத் தடை! வியர்வை வழியும் முகம், காற்றில் சுழன்று வரும் பந்து, மெதுவாக நகரும் காட்சி - அவை ரசிகருக்கு விருந்து. பயிற்சியாளருக்கு வேண்டியதோ உப்புச் சப்பில்லாத அகலப் படம்.

அந்தக் காலத்தில் 16 மி.மீ. பிலிம். ஆட்டம் முடிந்ததும் கழுவக் கொடுக்க வேண்டும். பிலிம் பெட்டியை மாற்றிக்கொள்ள இரண்டு ஊர்ப் பயிற்சியாளர்களும் சனிக்கிழமை பாதி வழியில் சந்திப்பதும் உண்டு. பிறகு வீடியோ கேசட் வந்தது. 2006-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் 'ஹடில்' என்ற கம்பெனி பிறந்த பிறகு எல்லாம் இணையத்திலேயே ஏறிவிடுகிறது. வெள்ளி இரவு ஆட்டத்தைச் சனி காலையில் ஆட்டக்காரப் பையன் தன் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறான்.

ஒரு பையனின் படிப்பு

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? பள்ளி ஆட்டம்தானே என்று தோன்றலாம்.

அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் அதிகமான பள்ளி மாணவர்கள் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். நன்றாக ஆடுகிறவனுக்குப் பல்கலைக்கழகங்கள் உபகாரச் சம்பளம் தருகின்றன. சிலருக்குப் படிப்புச் செலவு முழுவதுமே கிடைக்கும். வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு அது கல்லூரி வாசலைத் திறந்துவிடலாம்.

ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் வந்து பார்க்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு நேரம் ஏது? அவர் முதலில் பார்ப்பது படத்தை. ஆகவே பையன்கள் தங்கள் சிறந்த ஆட்டங்களை வெட்டி ஒட்டி, "இவன்தான் நான்" என்று வட்டமோ அம்போ போட்டு அனுப்புகிறார்கள். முதல் சில காட்சிகளிலேயே பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும்.

பந்து பிடிப்பவனாவது எப்படியும் படத்தில் விழுவான். முன்வரிசையில் நின்று மோதித் தள்ளி வழி உண்டாக்குகிறவன்? கேமரா பந்தின் பின்னால் ஓடினால் அவன் படத்திலேயே இல்லை. அன்று அவன் மலையைப் புரட்டியிருந்தாலும் அதற்குச் சாட்சி கிடையாது.

காற்று வீசினால்...

உயரம் வேண்டும் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2010 அக்டோபர் 27 அன்று இந்தியானா மாநிலத்தில் நோட்டர் டாம் பல்கலைக்கழக அணியின் பயிற்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர், உயர்த்தும் இயந்திர மேடையோடு சரிந்து விழுந்து இறந்தார். அன்று மணிக்கு 50 மைலுக்கு மேல் காற்று வீசியது. மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரித்துப் பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு அங்கே பயிற்சி மைதானத்தில் தூரத்திலிருந்தே இயக்கும் கேமராக்கள் வந்தன. ஆள் ஏறாமல் கேமராவை மட்டும் ஏற்ற வழி இருக்கும்போது, படத்துக்காக ஒரு மாணவனை மேலே அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இப்போது ஆளே இல்லாத கேமராக்களும் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. கம்ப்யூட்டரே ஆட்டத்தைத் தொடர்ந்து திரும்பிக்கொள்ளும். ஆனால் அதற்கும் புதுமுக மாணவனின் நோய் வருவதுண்டு. 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு கால்பந்தாட்டத்தில் (இது காலால் உதைக்கும் பந்து) அப்படிப்பட்ட கேமரா பந்தை விட்டுவிட்டு, கோட்டு நடுவரின் வழுக்கைத் தலையையே திரும்பத் திரும்பத் துரத்திக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்த ரசிகர்கள் கோல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்!