மூடி வைத்த தட்டு

(தவக்காலம் 4ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு: வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



"சாப்பிட்டாச்சா?" நம் வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி இது. பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஒரு சாவுக்காக வந்து நின்றாலும், மற்றதெல்லாம் பிறகுதான். முதலில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். இந்தக் கேள்விக்குள் எவ்வளவு பெரிய நற்செய்தி அடங்கியிருக்கிறது என்பதை இன்று சிந்திப்போம்.

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறை, 'மகிழ்ச்சி ஞாயிறு' என்று திருஅவை அழைக்கிறது. ஊதா நிறத்துக்குப் பதிலாக, இளஞ்சிவப்பு நிறத் திருவுடை அணிந்து திருப்பலி நிறைவேற்றும் வழக்கமும் இந்நாளில் உண்டு. இந்த மகிழ்ச்சிக்குப் பொருத்தமானது, இன்று நாம் கேட்ட 'காணாமற்போன மகன்' உவமை. பலமுறை கேட்ட உவமை என்பதால், இதைக் கேட்கும்போதே நம் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. எனவே, எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்த ஒன்றை முதலில் பகிர்ந்துகொண்டு, அதன் வழியாக உவமைக்குள் செல்வோம்.

ஆறாவது தட்டு

அப்பா தையல் வேலை பார்த்தவர். பிள்ளைகள் நாங்கள் நால்வர். மூத்தவர் அண்ணன், அடுத்து அக்கா, பிறகு நாங்கள் இருவர். அக்காவின் திருமணத்துக்காக அம்மா மாதந்தோறும் சீட்டுக் கட்டி வந்தார். சீட்டு முடிந்து வந்த பணம், தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஒரு நாள் காலை, பெட்டி திறந்து கிடந்தது. பணமும் இல்லை, அண்ணனும் இல்லை. நண்பர் ஒருவரோடு சேர்ந்து வெளியூரில் கடை வைக்கப் போவதாக எழுதிய ஒரு துண்டுக் காகிதம் மட்டும் இருந்தது.

அக்காவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் கைநழுவிப் போனது. "இனி அவன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்றார் அப்பா. அக்கா எதுவும் சொல்லவில்லை. அண்ணனின் பேச்சை யாராவது எடுத்தால், எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

அன்றிரவு அம்மா வழக்கம்போல் ஆறு தட்டுகளில் சோறு போட்டார். ஐந்து தட்டுகள் கழுவுவதற்கு வந்தன. ஆறாவது தட்டு, இன்னொரு தட்டால் மூடப்பட்டு, அடுக்களை மூலையில் இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. "யாருக்கும்மா இது, உங்க பிள்ளைக்கா?" என்று நாங்கள் குத்தலாகக் கேட்போம். "உங்க அண்ணனுக்கு" என்பார் அம்மா. அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். படுக்கப் போகும் முன் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார். காலையில் எங்களுக்கு இட்லியோ, உப்புமாவோ இருக்கும். அம்மா மட்டும் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அந்தப் பழைய சோற்றைச் சாப்பிடுவார். அம்மாவுக்குப் பழைய சோறு பிடிக்கும் என்றே நாங்கள் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இப்படி நான்கு ஆண்டுகள் கடந்தன. ஒரு நாள் இரவு, செபமாலை சொல்லி முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கையில் ஒரு மஞ்சள் பையோடு அண்ணன் வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். உள்ளே வரவும் இல்லை, எதுவும் பேசவும் இல்லை. அம்மாதான் பேசினார். "கைகால் கழுவிட்டு வாப்பா, சோறு ஆறிடும்." எங்கே போனாய், பணம் என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. மூலையிலிருந்த தட்டு நடுக்கூடத்துக்கு வந்தது. அப்பா என்ன சொல்வாரோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நெடுநேரம் தலை நிமிராமல் இருந்த அப்பா, அடுக்களையைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு அப்பளம் பொரிச்சு வை அவனுக்கு."

உவமையில் வரும் கொழுத்த கன்று, எங்கள் வீட்டில் அப்பளமாக வந்தது!

ஆனால், அந்த இரவின் கதை அத்தோடு முடியவில்லை. அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப்புறம் போனார். எங்களுக்கும் சோறு இறங்கவில்லை. சற்று முன்புதான் ஐந்து பத்துகள் செபமாலை சொல்லியிருந்தோம். நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு முறை இறைவனிடம் கேட்டிருந்தோம். கேட்டது உண்மையா என்று சோதிக்கவே இறைவன் அண்ணனை அந்த நேரத்தில் அனுப்பினாரோ என்று இன்று தோன்றுகிறது.

பந்தியில் எழுந்த முணுமுணுப்பு

இப்போது உவமைக்கு வருவோம். இயேசு இந்த உவமையைச் சொல்லக் காரணமாக இருந்ததே ஒரு பந்திதான். வரிதண்டுவோரையும், பாவிகளையும் அவர் வரவேற்று, அவர்களோடு உணவருந்துகிறார் என்று பரிசேயரும், மறைநூல் அறிஞரும் முணுமுணுத்ததாக லூக்கா 15ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே வாசிக்கிறோம். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது, யாரை உறவாக ஏற்றுக்கொள்கிறோம் என்பதற்கு அடையாளம். இது யூத சமுதாயத்துக்கு மட்டும் உரியதல்ல. தனிப்பந்தி, தனிக்குவளை என்ற கொடுமைகளைக் கண்டிருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்றைய முதல் வாசகமும் ஓர் உணவைப் பற்றியதே. யோசுவாவின் தலைமையில் யோர்தானைக் கடந்த மக்கள், கில்காலில் பாஸ்கா கொண்டாடுகின்றனர். நாட்டில் விளைந்ததை அவர்கள் உண்டதும், பாலைநிலத்தில் கிடைத்துவந்த மன்னா நின்றுபோகிறது. நாற்பது ஆண்டுகள் அலைந்த மக்களுக்கு, வீடு வந்துவிட்டோம் என்பதை உணர்த்தியது அந்த உணவு.

உவமையில், இளைய மகன் தன் பங்கைக் கேட்கிறார். இணைச்சட்டம் 21:17இன்படி, தலைமகனுக்கு இரட்டைப் பங்கு. எனவே, இரு மகன்கள் உள்ள வீட்டில், இளையவருக்கு மூன்றில் ஒரு பகுதி. தந்தை உயிரோடிருக்கும்போதே அதைப் பிரித்துத் தரச் சொல்வது, நீர் இருந்தாலும் ஒன்று, இறந்தாலும் ஒன்று என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அந்தப் பணத்தை அழித்தபின், அவர் பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறார். யூதருக்குப் பன்றி தீட்டான விலங்கு. அவற்றின் தீவனமாகிய நெற்றுகளுக்கும் அவர் ஏங்குகிறார். அப்போது அவர் நினைவுக்கு வருவது எது? தன் தந்தையின் வீட்டில் கூலியாள்களுக்கும் வயிறார உணவு கிடைக்கிறது என்ற நினைவு!

இங்கே சற்று நிற்போம். அவரைத் திரும்பி நடக்க வைத்தது, வீட்டுச் சோற்றின் நினைவு. பசி எல்லாருக்கும் வரும். ஆனால், திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்கிறது என்ற நினைவு, அந்த வீட்டில் அன்பைச் சுவைத்தவருக்கே வரும். குடும்பமாகச் சேர்ந்து செபித்த மாலைகள், ஒன்றாக உட்கார்ந்து உண்ட இரவுகள் ஆகியவற்றின் மதிப்பு, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது பெற்றோருக்குத் தெரிவதில்லை. எங்கோ ஒரு தூரத்து ஊரில், பிள்ளை எல்லாவற்றையும் இழந்து நிற்கும் நாளில் அது வேலை செய்யும்.

மன்னிப்புக்கு விலை உண்டு

மகன் தொலையில் வரும்போதே தந்தை கண்டுகொள்கிறார். அவ்வளவு தொலைவில் கண்டார் என்றால், வழியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மரியாதைக்குரிய வயதானவர் ஒருவர் தெருவில் ஓடுவது அக்கால வழக்கமல்ல, ஆனாலும் ஓடுகிறார். மகன் மனப்பாடம் செய்து வந்த பேச்சை முடிப்பதற்குள் ஆடை, மோதிரம், மிதியடி எல்லாம் வந்துவிடுகின்றன. மிதியடிகூட, வந்தவர் வேலையாள் அல்ல, வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம்தான்.

தந்தை அன்றுதான் மன்னித்தார் என்று நாம் நினைக்கக் கூடாது. மகன் ஊரைவிட்டுப் போன நாளிலிருந்தே மன்னித்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா தட்டை மூடி வைத்ததும் அதுதான். அந்தத் தட்டுக்கு ஒரு விலை இருந்தது. அண்ணன் வராத ஒவ்வொரு நாளும், அவருக்கென வைத்த சோற்றை மறுநாள் காலையில் தானே உண்டு, அந்த விலையை அம்மா கொடுத்தார். தவறு செய்தவர் கொடுக்க வேண்டியதை, அன்பு செய்பவர் தன்மேல் ஏற்றுக்கொள்வதே மன்னிப்பு. கிறிஸ்து வழியாகக் கடவுள் நம்மைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று, இன்றைய இரண்டாம் வாசகத்தில் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதுவதும் இதையே. நம் குற்றங்களை நம் கணக்கில் எழுதாத கடவுள், அவற்றின் சுமையைச் சிலுவையில் தாமே ஏற்றார்.

வெளியே நிற்கும் மகன்

இந்த உவமையில் நமக்கு மிக நெருக்கமானவர் மூத்த மகன்தான். அவரை எளிதில் குறைசொல்லிவிடக் கூடாது. சொத்து பிரிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பதெல்லாம் அவருக்குரியது என்று தந்தையே சொல்கிறார். அப்படியானால், விருந்துக்கு அடிக்கப்பட்ட கன்றும் அவர் பங்கில் போனதுதான்! அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் அக்காவின் கோபத்திலும் இருந்தது. பறிபோனது அவருடைய சீட்டுப் பணம், அவருடைய திருமணம்.

ஆனால், நியாயம் மட்டும் கையில் இருந்தால், பாட்டும் ஆட்டமும் கேட்கும் வீட்டுக்கு வெளியே இருட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும். மூத்த மகனின் வாயில் 'தம்பி' என்ற சொல் வரவே இல்லை. தந்தையிடம், உம்முடைய மகன் என்றே பேசுகிறார். தந்தையோ, அவன் உன் தம்பி என்று நினைவூட்டுகிறார். "உங்க பிள்ளைக்கா?" என்று நாங்கள் கேட்டதும், "உங்க அண்ணனுக்கு" என்று அம்மா திருத்தியதும் இங்கே மனதில் எழுகின்றன. ஓவியர் ரெம்பிராண்ட் தம் இறுதி ஆண்டுகளில் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், மண்டியிட்ட மகனைத் தந்தை அணைத்திருக்க, வலப்பக்கம் ஒருவர் கைகளைக் கோத்தபடி விலகி நிற்கிறார். அவரை மூத்த மகன் என்றே பலரும் கருதுகின்றனர். அருகில்தான் இருக்கிறார். ஆனாலும் எவ்வளவு தொலைவு!

உவமையில் தந்தை இருமுறை வீட்டைவிட்டு வெளியே வருகிறார். இளையவரைத் தழுவ ஒருமுறை, மூத்தவரைக் கெஞ்சி அழைக்க ஒருமுறை. மூத்த மகன் உள்ளே போனாரா? இயேசு அதைச் சொல்லவில்லை. அந்த முடிவை நம்மிடம் விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் அன்றிரவு அம்மா கொல்லைப்புறம் போனார். அக்காவை அதட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. துவைக்கும் கல்லில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அண்ணன் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, எடுத்த பணத்தைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு என்பது கணக்கை மறைப்பதல்ல. சக்கேயு தம் வீட்டில் இயேசுவை வரவேற்றபின், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒப்புரவு அருளடையாளத்திலும் பாவமன்னிப்பு பெற்றபின், பரிகாரம் செய்கிறோம். ஆனால் வரிசையைக் கவனிப்போம். முதலில் பந்தி, பிறகு பாக்கி.

அக்காவின் திருமணம் தாமதமானாலும், நல்லபடியாக நடந்தது. அதன்பிறகும் அவர் அண்ணனோடு பேசவில்லை. அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நண்பகலில், வேலை முடிந்து வந்த அண்ணனிடம், அக்கா முகத்தைப் பாராமலே கேட்டார்: "சாப்பிட்டாச்சா?" அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அன்பார்ந்தவர்களே, இந்தத் தவக்காலத்தில் நம் வீட்டில் யாருடைய தட்டு எடுத்து வைக்கப்படாமல் இருக்கிறது? சொத்துத் தகராறில் பிரிந்த சகோதரர், நமக்குப் பிடிக்காத திருமணம் செய்துகொண்ட மகள், குடித்துக் குடித்து எல்லாராலும் கைவிடப்பட்ட ஒருவர் என்று, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இன்றிரவு குடும்பச் செபத்தில் வாய்விட்டுச் சொல்வோம். முடிந்தால் இந்த வாரத்தில், பழைய கணக்கு எதையும் எடுக்காமல், ஒரு தொலைபேசி அழைப்பு செய்வோம். மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை என்றால், அந்த உண்மையையே இறைவனிடம் சொல்வோம். வெளியே நிற்பவரைத் தேடியும் அவர் வருகிறார்.

பீடத்தைச் சுற்றி நாம் கூடும் ஒவ்வொரு முறையும், நமக்கென வைக்கப்பட்ட உணவைத்தான் உண்கிறோம். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்துவிட்டார். அந்த நன்றியோடு, நம் வீட்டு அடுக்களையிலும் ஒரு தட்டை மூடி வைக்கும் மனதை, இரக்கமுள்ள தந்தை நம் எல்லாருக்கும் தந்தருள மன்றாடுவோம். ஆமென்.