கரையோரம் – 11: குண்டு விழுந்த வரைக்கும்

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, புதுச்சேரி வழியாகக் கடலூருக்குள் நுழைந்ததோடு சென்ற வாரம் நம் கரையோரப் பயணம் நின்றது. இந்த வாரம் பிச்சாவரத்தில் படகேறுவதாகப் பேச்சு. ஆனால் கடலூரின் தேவனாம்பட்டினத்தில் 1690-இல் நடந்த ஒரு நிலப்பேரம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அதைச் சொல்லாமல் தெற்கே நகர மனம் வரவில்லை.

தேவனாம்பட்டினம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சில்வர் பீச். அகன்ற மணல், சாயங்காலக் கூட்டம், சுண்டல், மிளகாய் பஜ்ஜி. வந்தவர்கள் அலையில் கால் நனைத்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே, கெடிலம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், புனித டேவிட் கோட்டையின் இடிந்த சுவர்கள் இருக்கின்றன. அங்கே எட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

அந்தக் கோட்டை 1690-இல் மராட்டியர் கையில் இருந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்தார். மொகலாயப் படை அவரைத் துரத்திக்கொண்டு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கோட்டையை விலை பேசியவர், சென்னையின் ஆளுநர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. விற்பனையில் கோட்டை மட்டும் கைமாறவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரைக்கும் உள்ள ஊர்களும் சேர்ந்து கம்பெனிக்கு!

இந்த இடத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கவில்லை, எல்லைக்கல் நடவில்லை. சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்றை வரவழைத்தார்கள். தூரம் போகும்படி மருந்து கெட்டித்துச் சுடுவது பீரங்கிக்காரரின் கைத்திறன் என்று சொல்லியும் அனுப்பினார்கள். செப்டம்பர் மாதம் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டுகளின் எல்லைக்குள் கடலூர் நகரமே அடங்கிவிட்டது. அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பளவாடி என்ற ஊர் இன்றும் கடலூரை ஒட்டி இருக்கிறது.

நெசவுத் துணிக்காகத்தான் கம்பெனி இந்தக் கரைக்கு வந்தது. தறியில் உட்கார்ந்திருந்தவரையோ, ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரையோ யாரும் கேட்கவில்லை. முந்தின நாள்வரை ஒருவருக்குத் தீர்வை கட்டியவர்கள், சத்தம் கேட்ட மறுநாள் வேறொருவருக்குக் கட்ட வேண்டியதாயிற்று. நம் மண்ணில் வெள்ளைக்காரர் ஆட்சி வந்த கதையைப் போர்களை வைத்தே பள்ளியில் படித்தோம். இந்தப் பேரத்தையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். கடலூர்ப் பிள்ளைகளை அந்தச் சுவர்களுக்கு அழைத்துப் போய்ச் சொல்லித்தர வேண்டும்.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தபோது, தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு மாறியது. 1756-இல் ராபர்ட் கிளைவ் இதன் ஆளுநர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

1783 ஜூன் 20 அன்று இதே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயர் ஹியூஸும் கப்பல்களை அணிவகுத்து மோதினார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜனவரி 20-ஆம் தேதியே, ஐரோப்பாவில் இரு நாடுகளும் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டன. சேதி கடல் கடந்து வந்து சேரவில்லை. முடிந்துபோன சண்டைக்காகக் கடலூர்க் கரையில் ஆட்கள் செத்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கோட்டையைப் பார்த்த கையோடு திருப்பாதிரிப்புலியூருக்கும் போய்விடுங்கள். பல்லவ மன்னன் திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிய, அந்தக் கல்லே மிதந்து அவரைக் கரை சேர்த்தது இங்கேதான் என்பது சைவர்களின் நம்பிக்கை. வண்டிப்பாளையத்தை ஒட்டி கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது. இப்போது அது கடற்கரையில் இல்லை. உள்ளே தள்ளி இருக்கிறது. ஆறும் கடலும் எத்தனை முறை இடம் மாறின என்று இந்த ஊர் யோசிக்க வைக்கிறது. கெடிலத்தின் பழைய தடத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு வாரம் போய்விடும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் ஏலம் பார்த்துவிட்டுச் சிதம்பரம் பேருந்தைப் பிடிக்கலாம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பு.முட்லூரில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. 1781-இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய ஊர். வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதும் அங்கேதான்.

அடுத்த வாரம் பரங்கிப்பேட்டையிலிருந்து கிள்ளைக்குப் போவோம். மாசி மகத்துக்குக் கடலாட வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளைக் கிள்ளைத் தைக்காலில் இஸ்லாமியர்கள் வரவேற்கிறார்கள். அதை அவசரமாகச் சொல்ல முடியாது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் படகு அதற்குப் பிறகுதான்.

(தொடரும்)